யாருக்காகப் போட்ட கணக்கு?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் சொத்து மதிப்பீட்டுப் பொறியாளர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்த ஊரில் மனை வாங்கினால் விலை ஏறும், எந்த பைபாஸ் ஓரம் இப்போது மலிவு என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல இந்த ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏற்கெனவே கையில் இருக்கிற வீட்டுக்கும் மனைக்கும் நிலத்துக்கும் மதிப்புப் போடுகிறார்களே, அதை எப்படிப் போடுகிறார்கள், அந்த அறிக்கையை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், நம்ம இடம் என்ன போகும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எதுக்காகக் கேக்கறீங்க?" சிலருக்கு முகம் சுருங்கிவிடும். இடம் ஒன்றுதானே, அதற்கு மதிப்பும் ஒன்றுதானே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே சங்கிலியைக் கடையில் வாங்கும்போது செய்கூலி, சேதாரத்தோடு ஒரு விலை. அதே கடையில் பழைய நகையாகப் போட்டால் இன்னொரு விலை. அடகுக்கு வைத்தால் வேறொரு தொகை. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. மூன்றும் மூன்று காரியத்துக்கான கணக்கு. நகையில் நமக்கு இது பழகிவிட்டது. நிலத்தில் பழகவில்லை. அதனால் வேறொருவர் தம் தேவைக்காகப் போட்ட கணக்கை நம் சொத்தின் விலை என்று எடுத்துக்கொண்டு நஷ்டப்படுகிறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை ஒவ்வொரு இடமாகக் காட்டுகிறேன்.

முதலில் வழிகாட்டி மதிப்பு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த மதிப்பு இது. தெருவாரியாக, சர்வே எண் வாரியாகப் பதிவுத்துறை வைத்திருக்கிறது; இணையத்தில் யாரும் பார்க்கலாம். இது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்துக்கொண்ட அளவுகோல். 2017 ஜூன் 9ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் இதை 33 விழுக்காடு குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் குறைப்புக்கு முந்தைய மதிப்பு திரும்ப வந்தது, கட்டணம் 2 விழுக்காடானது. 2024 ஜூலையில் மறுபடியும் ஒரு திருத்தம். அந்த ஜூன் 9ஆம் தேதி காலையில் உங்கள் மனையை மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு யாருக்காவது கொடுத்திருப்பீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள். மாறியது வரிக்கான அளவுகோல். மனையின் விலை மாறவில்லை.

சில இடங்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட அதிகமாகவும் இருக்கும். முட்டுச் சந்து, மழைக்கு நீர் நிற்கிற பள்ளம் என்று தெருவுக்குள் இருக்கும் வேறுபாடெல்லாம் அந்தப் பட்டியலில் ஏறாது. அங்கே உண்மையான விலையை எழுதிப் பதிவுக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்திய முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவுப்படி ஆவணம் தனித்துணை ஆட்சியருக்குப் போகும். அவர் விசாரித்து மதிப்பை முடிவு செய்வார். அதிலும் குறை இருந்தால் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு. "47ஏ-க்குப் போனா பத்திரம் பெண்டிங்ல கிடக்கும்" என்று பயந்து கூடுதல் தொகையைக் கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவசரம் இல்லாதவர்கள் அந்த வழியையும் யோசிக்கலாம்.

இனி எங்கள் வேலை. களத்துக்குப் போகும்போது கிரயப் பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது எல்லாம் கையில் இருக்கும். முதல் வேலை செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லைகளை, சரிபார்ப்பது. பத்திரத்தில் "கிழக்கே பொதுப்பாதை" என்று இருக்கும். போய்ப் பார்த்தால் பாதையில் மாட்டுக்கொட்டகை இருக்கும். பிறகு நாடாவைப் பிடித்து அளப்போம். பத்திரத்தில் 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஓரடி, ஒன்றரை அடி தள்ளிக் கட்டியிருப்பார். கால் சென்ட் குறைந்தால் 109 சதுர அடி போச்சு. சதுர அடி 3,000 ரூபாய் என்றால் மூன்றேகால் லட்சம். பத்திரம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ அதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் தங்கள் மனையின் சரியான அளவை அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் மனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே அளந்து பாருங்கள். மதில் பிரச்சினையை எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது.

அளந்த பிறகு மனைக்கு விலை. இதற்கு அடிப்படை, அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனைகள். அவற்றை எடுத்து, நம் மனைக்கும் அவற்றுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூட்டிக் கழிக்க வேண்டும். சாலை எத்தனை அடி, முகப்பு அகலம் எவ்வளவு, மூலை மனையா, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அங்கீகாரத்தின் எடை 2016க்குப் பிறகு பல மடங்கு கூடிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை செய்த மனையும் செய்யாத மனையும் இன்று ஒரே தெருவில் இருந்தாலும் ஒரே விலைக்குப் போகாது. தெருக்குத்து மனையும் அப்படித்தான். எனக்குத் தனிப்பட்ட முறையில் அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதற்கு என் அறிக்கையில் இடமில்லை. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போகிறார்கள் என்றால் விலை குறையத்தான் செய்யும். அந்தக் குறைவை நான் எழுதியே ஆக வேண்டும்.

கட்டடத்துக்குக் கணக்கு வேறு. இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்து, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்போம். ஓர் உதாரணம் சொல்கிறேன். விலைகள் கணக்குக்காக மட்டும். ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி, சதுர அடி 3,000 ரூபாய்: 72 லட்சம். அதில் 20 வருடம் ஆன 1,200 சதுர அடி கான்கிரீட் வீடு. இன்றைக்குக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 24 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் இடித்தால் 10 விழுக்காடு தேறும் என்று வைத்தால், 20 ஆண்டுக்குத் தேய்மானம் 30 விழுக்காடு, அதாவது 7 லட்சத்து 20 ஆயிரம். மிச்சம் 16 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 88 லட்சத்து 80 ஆயிரம். கிரானைட், தேக்கு வாசக்கால், பூஜை அறை வேலைப்பாடு என்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் செலவழித்தது முழுசாக இந்தக் கணக்கில் வராது. அது வருத்தமான செய்திதான். ஆனால் வாங்குகிறவர் அதற்கு முழு விலை கொடுப்பதில்லை. வாடகைக்கு விட்ட கடைகள், வணிக வளாகங்களுக்கு வருமானத்தை வைத்து மதிப்புப் போடுவோம். அதற்குள் இன்று போகவில்லை.

இப்போது ஒரு கனமான விஷயத்துக்கு வருகிறேன். அக்கம்பக்கத்து விற்பனைதான் அடிப்படை என்றேன். அந்த விற்பனைப் பத்திரங்களில் என்ன விலை எழுதியிருக்கிறது? நம் ஊரில் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பைத்தான் எழுதுகிறோம். மீதியைக் கையில் கொடுக்கிறோம். 2015 முதலே சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வழி இருக்கிறது. "எல்லாரும் செய்யறதுதானே சார்" என்று சொல்லும்போது அந்த ஆபத்தை யாரும் நினைப்பதில்லை.

சட்டத்தை ஒருபக்கம் வையுங்கள். லாபமாவது இருக்கிறதா? 80 லட்சத்துக்கு இன்று ஒரு வீடு வாங்குகிறீர்கள். பத்திரத்தில் 50 லட்சம் எழுதுகிறீர்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. 30 லட்சத்தை மறைத்ததால் மிச்சம் 2 லட்சத்து 70 ஆயிரம். சில ஆண்டுகள் கழித்து 120 லட்சத்துக்கு விற்கிறீர்கள். வாங்குகிறவர் வங்கிக் கடனில் வாங்குகிறார், அதனால் முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறுகிறது. உங்கள் உண்மையான லாபம் 40 லட்சம். பத்திரப்படி லாபம் 70 லட்சம். இல்லாத 30 லட்சத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு என்றால் 3 லட்சத்து 75 ஆயிரம் கட்டுகிறீர்கள். மிச்சம் பிடித்ததைவிட ஒரு லட்சம் கூடுதலாகப் போகிறது. நடுவில் கடன் வாங்கப் போனாலும் இதே கதை. பெரும்பாலான வங்கிகள் பத்திர விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்கும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சம் 80 விழுக்காடு. 80 லட்சம் கொடுத்து வாங்கிய வீட்டுக்கு, 50 லட்சத்தில் 80 விழுக்காடாக 40 லட்சம்தான் கடன் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு நிலம் எடுக்கும்போது. நால்வழிச் சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுத்தால், 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்வது இது: வழிகாட்டி மதிப்பைப் பார், முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த ஊரில் அல்லது பக்கத்தில் அதே வகை நிலத்துக்குப் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரியைப் பார், எது அதிகமோ அதை எடு. கிராமப்புறத்துக்கு ஒரு பெருக்கல் காரணி உண்டு. அதற்கு மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தாலும் 2015 முதல் இதே முறைதான். சட்டம் நியாயமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மூன்று ஆண்டுப் பத்திரங்களை எழுதியது யார்? நாம்தான். ஏக்கர் 40 லட்சத்துக்குக் கைமாறிய ஊரில் எல்லாப் பத்திரமும் 15 லட்சம் என்று சொன்னால், பெருக்கல் காரணி ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரட்டித்தாலும் 30 லட்சம்தான். நிலத்தை விற்கவே நினைக்காத, எந்தப் பத்திரத்திலும் பொய் எழுதாத ஒரு விவசாயி, பக்கத்துக் காட்டுக்காரர் தீர்வை மிச்சம் பிடித்ததற்காகத் தன் மண்ணைக் குறைந்த விலைக்கு இழக்கிறார். வயல் வரப்பில் நின்றுகொண்டு அவருக்கு இந்தக் கணக்கை விளக்குவதைப்போலக் கஷ்டமான வேலை எங்கள் தொழிலில் இல்லை.

நிலமெடுப்பில் இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டும் ஒரு பழைய வழக்கு நம் பழைய சென்னை மாகாணத்தில் நடந்தது. விசாகப்பட்டினம் துறைமுகப் பகுதியில் மலேரியாத் தடுப்புப் பணிக்காக, ராஜா வைரிச்செர்ல நாராயண கஜபதிராஜு என்பவரின் நிலத்தை அரசு எடுத்தது. அந்த நிலத்தில் நல்ல குடிநீர் ஊற்று ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீருக்கும் விலை உண்டு என்றார் அவர். அந்தத் தண்ணீரை வாங்கக்கூடிய ஒரே ஆள் நிலத்தை எடுக்கிற துறைமுகத்தார்தான், வேறு ஆளே இல்லாதபோது அதற்கு ஏது சந்தை விலை என்பது எதிர்வாதம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1939இல் தீர்ப்பு: வாங்கக்கூடியவர் ஒருவரே ஆனாலும், விருப்பத்தோடு விற்பவரும் விருப்பத்தோடு வாங்குபவரும் பேசினால் அந்த ஊற்றுக்கு என்ன கொடுத்திருப்பார்களோ அதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். நிலம் இன்று எப்படி இருக்கிறது என்பதோடு, அது எதற்குப் பயன்படக்கூடும் என்பதற்கும் மதிப்பு உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆகவே உங்கள் நிலத்தை எடுக்க அறிவிப்பு வந்தால், கிணறு, ஆழ்குழாய், தென்னை, சாலை முகப்பு, பக்கத்தில் வந்துவிட்ட மனைப்பிரிவு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். தொகை குறைவு என்றால் வாங்கும்போதே ஆட்சேபணையோடு வாங்குங்கள். அதிகாரியின் கணக்கு அரசுக்காகப் போட்டது. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட்டுக்காட்ட வேண்டும்.

வங்கிக்கு வருவோம். கடன் கொடுக்கும்முன் வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. கட்டணம் உங்களுடையது; அறிக்கை வங்கிக்கு. அதில் சந்தை மதிப்புக்குக் கீழே இன்னொரு தொகை இருக்கும், நெருக்கடியில் அவசரமாக விற்றால் தேறும் தொகை. கடன் திரும்பாவிட்டால் என்ன கிடைக்கும் என்பது வங்கியின் கவலை. அது நியாயம். அனுமதி வரைபடத்தில் இல்லாத மேல்மாடியை அறிக்கையில் சேர்க்க மாட்டார்கள், அதுவும் சரிதான். ஆனால் அந்தக் குறைந்த தொகையைப் பார்த்துவிட்டு, "பேங்க்லயே இவ்வளவுதான் போட்டாங்க" என்று வீட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கடன் முற்றி, அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் ஏலத்துக்குப் போனால் இது இன்னும் முக்கியம். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு வாங்கித்தான் ஏலத்தின் ஆரம்ப விலையை வைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள். பழைய அறிக்கையை வைத்து விலை குறைத்திருந்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, மதுரை, கோவை மூன்று ஊரிலும் தீர்ப்பாயம் இருக்கிறது.

அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஆயிரம் சதுர அடி வீடு என்பதைப் பார்ப்பதுபோல, பத்திரப்படி நிலத்தில் உங்கள் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதையும் பாருங்கள். கட்டடம் தேயும், நிலப்பங்குதான் நிற்கும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அன்றைக்கு 300 சதுர அடி பங்கு உள்ளவரும் 500 உள்ளவரும் சமமாகப் பேச முடியாது.

கடைசியாக, இங்கே வந்திருக்கிற தாய்மார்களிடமும் சகோதரிகளிடமும் பேச வேண்டும். கலைஞர் ஆட்சியில், 1989இலேயே தமிழ்நாடு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலக வாசலில், தங்கள் பங்கின் மதிப்பு எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பெண்களை இன்றும் பார்க்கலாம். "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்று சொல்லித் தருகிற தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பாகப்பிரிவினையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த அநியாயம் இரண்டு. டவுனில் இருக்கிற வீட்டை அண்ணன் எடுத்துக்கொள்ளும்போது அதற்கு வழிகாட்டி மதிப்பு. தங்கைக்கு ஒதுக்குகிற கிராமத்துத் தோட்டத்துக்குச் சந்தை மதிப்பு. காகிதத்தில் இரண்டும் சமமாக நிற்கும். இன்னொன்று, "சரிபாதி" என்று 20 சென்ட்டை அளவால் பிரிப்பது. ரோட்டு முகப்பில் 10 சென்ட் ஒருவருக்கு, பத்தடிப் பாதையில் உள்ளே போகிற 10 சென்ட் இன்னொருவருக்கு. அளவு சமம், மதிப்பு சமமில்லை. எல்லாச் சொத்துக்கும் ஒரே தேதியில், ஒரே அளவுகோலில் மதிப்புப் போட்டு, வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்து ஈடுகட்டினால் அண்ணன் தங்கை உறவும் நிற்கும், பங்கும் நிற்கும். அப்படிப் பிரித்துக்கொண்டு, இன்றும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிற குடும்பங்கள் இருக்கின்றன.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துக் கேட்டு வந்தால், கோபப்படாமல் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். கட்டணத்தை நீங்களே கொடுங்கள். அறிக்கை உங்கள் பெயருக்கு இருக்கட்டும். அதைப் படித்துப் பார்த்த பிறகும் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றினால் மனதார விட்டுக்கொடுங்கள். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.